விழுந்த உடனே சொல்லுங்கோ தம்பி

போன கிழமை காரைநகர் கசூரினா கடற்கரையில் ஒரு புதுமணச் சோடிக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். சோளகக் காற்று நல்ல வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. குடை பூட்டிய லைற் ஸ்ராண்ட் பாய் விரித்த வள்ளம் மாதிரிக் காற்றை வாங்கிக்கொண்டு கவிழ்ந்து, பிளாஷ் போய்க் கமராப் பெட்டியின் மூலையில் அடிபட்டது. ஸ்ராண்டைப் பிடிக்க விட்டிருந்த பெடியன் எங்களிடம் சேர்ந்து நாலு மாதம்தான். அவன் அதைத் தூக்கிக்கூடப் பார்க்காமல் நேரே என்னிடம் ஓடிவந்தான். "அண்ணை, நான் தண்ணி எடுக்க விட்டிட்டுப் போனனான், பிளாஷ் உடைஞ்சிட்டுது." கை நடுங்கிக்கொண்டிருந்தது.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஏச வாயெடுத்தும் விட்டேன். ஆனால் அந்த நடுக்கம் எனக்குத் தெரிந்த நடுக்கம்.

நான் ஒரு ஸ்ரூடியோவில் வேலை பழகிய காலத்தில், ஒரு கலியாண வீட்டில் தாலிக்குப் பொன் உருக்குகிற பொன்னுருக்கல் சடங்குக்குப் போயிருந்தேன். முக்காலியின் ஒரு காலைச் சரியாக இறுக்கவில்லை. தட்டார் பொன்னை உருக்குகிற நேரம், எல்லோரும் அந்த நெருப்பையே பார்த்துக்கொண்டிருக்க, பின்னால் இருந்த கமரா சாய்ந்து தரையில் விழுந்தது. லென்ஸின் முன்னால் பூட்டியிருந்த பில்டரின் வளையம் நெளிந்திருந்தது, கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. இரண்டு படம் எடுத்துக் கமராவின் சின்னத் திரையில் பார்த்தேன், வடிவாகத்தான் தெரிந்தது. நெளிந்த பில்டரைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். நாளைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் என்றே மூன்று நாள் போனது. சோறு இறங்கவில்லை, முதலாளி அண்ணையின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே நெஞ்சு இடிக்கும். நாலாம் நாள் அதே லென்ஸோடு கலியாணத்துக்கும் போனேன்.

லென்ஸுக்குள் அடுக்காகக் கண்ணாடிகள் இருக்கின்றன. விழுந்த அதிர்ச்சியில் அதில் ஒன்று மயிரளவு விலகினாலும் போதும், படத்தின் ஒரு பக்கம் கூராகவும் மற்றப் பக்கம் கலங்கியும் வரும். சின்னத் திரையில் அது பிடிபடாது. அல்பத்துக்காகக் கொம்பியூட்டரில் பெருப்பித்தபோதுதான் தெரிந்தது, குடும்பப் படங்கள் எல்லாவற்றிலும் இடது பக்கம் பனி மூடினது போல. அந்தப் பக்கம் நின்றது கலியாணப் பொம்பிளையின் பெரியம்மா. பதினெட்டு வருடத்துக்குப் பிறகு கனடாவிலிருந்து வந்தவ.

முதலாளி அண்ணை கத்தவில்லை. "விழுந்த லென்ஸைத் திருத்தலாம் தம்பி. அந்தக் கலியாணத்தைத் திருப்பி எடுக்கேலுமோ? அண்டைக்கே சொல்லியிருந்தா வேற லென்ஸ் தந்து விட்டிருப்பன்." அவ்வளவுதான். அந்த ஒரு வசனத்தை நான் இன்னும் சுமக்கிறேன்.

பெடியள் ஒளிக்கிறதற்குக் காரணம் பயம், பயத்துக்குக் காரணம் காசு. இலங்கையில் 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. வெளிநாட்டிலிருந்து வருகிற லென்ஸ், பிளாஷ், பற்றரி எல்லாம் அதோடு ஏறிவிட்டன, உதவிக்கு வருகிற பெடியளின் சம்பளம் அந்த வேகத்தில் ஏறவில்லை. இதற்குள் "உடைச்சா உன்ர சம்பளத்தில பிடிப்பன்" என்று முதல் நாளே சொல்லி வைத்தால் எந்தப் பிள்ளை வாய் திறக்கும்? 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க, கடை மற்றும் அலுவலக ஊழியர் சட்டம் எங்கள் நாட்டில் இருக்கிறது. ஊழியரின் சம்மதம் இல்லாமல் முதலாளி நினைத்தபடி சம்பளத்தில் வெட்ட அது விடாது. அப்படி வெட்டினால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். தொழில் நடத்துகிற எங்களில் கனபேர் இதைத் தெரிந்துகொண்டே கதைக்கிறதில்லை, எனக்கு அது சரியாகப் படவில்லை.

வேலை பழகுகிற தம்பி தங்கச்சிமாருக்கு ஒன்று சொல்லவேணும். சாமான் விழுந்தால், தண்ணீர் பட்டால், முதலில் நிற்பாட்டுங்கோ. வேலை செய்யுதோ என்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறதில்தான் பாதி நாசம். கடல் தண்ணீர் என்றால் உடனே பற்றரியைக் கழற்றுங்கோ, உப்பு உள்ளே தின்னத் தொடங்கிவிடும். உடைந்த பிளாஷை மட்டும் நீங்களே திறக்க வேண்டாம், பற்றரி எடுத்த பிறகும் உள்ளே இருக்கிற கப்பாசிற்றரில் ஆளைத் தூக்கி அடிக்கிற அளவு மின்சாரம் நிற்கும். அப்புறம், எப்படி விழுந்தது என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கோ. "தானாய் விழுந்தது" என்றால் திருத்துகிறவருக்கு எங்கே தேடுவது என்று தெரியாது.

கசூரினாவில் அன்றைக்குப் பிளாஷை ஒதுக்கி வைத்துவிட்டு, வெள்ளை றிப்ளெக்டரைப் பிடித்தே மிச்சத்தை எடுத்து முடித்தோம். உடனே தெரிந்தபடியால் ஒரு படமும் பழுதாகவில்லை. பொன்னாலைப் பாலம் தாண்டி வருகிற வரைக்கும் அவன் பேசவில்லை. பிறகு மெல்லக் கேட்டான், "அண்ணை, மாசம் எவ்வளவு பிடிப்பீங்கள்?"

ஒன்றும் பிடிக்கமாட்டேன் என்றேன். ஸ்ராண்டின் காலில் கட்ட மண் பை ஒன்றும் நான் கொண்டுபோகவில்லை, அது என்ர பிழை, அதையும் அவனிடம் சொன்னேன். அடுத்த நாள் காலமை வரும்போது நாலு துணிப்பை தைப்பித்துக் கொண்டுவந்திருந்தான், மண்ணும் நிரப்பி.