"ஏஜென்சியை மாத்திக்கோங்க" என்பது ஒரு பதிலா?

மூன்று நாளாகப் பேசாமல்தான் இருந்தேன். ஊர் வாட்ஸப் குழுவில் லாத்தா (அக்காவை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம்) போட்ட வாய்ஸ் நோட்டும் அதற்குக் கீழே வந்த பதில்களும் கீழக்கரையில் இதைப் படிக்கிற எல்லாருக்கும் தெரியும், மறுபடி முழுக்கதையும் சொல்லப்போவதில்லை. கேஸ் சிலிண்டரைத் தெரு முக்கிலேயே இறக்கிவிட்டு, பில்லுக்கு மேல் எழுபது ரூபாய் கேட்கிறார்கள், இது நியாயமா என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். அதற்கு நம் காக்கா (அண்ணன்) ஒருவர், படித்தவர், நாலு பேர் மதிக்கிறவர், "பிடிக்கலைன்னா ஏஜென்சியை மாத்திக்கோங்க, யார் உங்க கையைப் பிடிச்சா?" என்று போட்டார். இருபத்து மூன்று பேர் அதற்குக் கைதட்டினார்கள். எண்ணிப் பார்த்தேன்.

மாத்திக்கோ என்பது பதில் இல்லை. எழுபது ரூபாய் கேட்டது சரியா தப்பா என்பதுதான் கேள்வி. சரி என்று நினைத்தால் சரி என்று சொல்லுங்கள், தப்பு என்றால் தப்பு என்று சொல்லுங்கள். இரண்டையும் சொல்லாமல், கேட்டவர்மேலேயே வேலையைத் திருப்பிவிடுவது எந்த ஊர் நியாயம்?

விதியைச் சொல்கிறேன். 14.2 கிலோ சிலிண்டருக்கு பில்லில் போட்டிருக்கும் விலையிலேயே வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிற கூலியும் அடக்கம். அதனால்தான் நாமே குடோனுக்குப் போய் எடுத்து வந்தால் அந்தக் கூலியைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் வாங்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். வண்டியில் தராசு இருக்க வேண்டும், கேட்டால் எடை போட்டுக் காட்ட வேண்டும். வெறும் சிலிண்டரின் எடை அதன்மேலேயே எழுதியிருக்கும், அதோடு 14.2 கூட்டினால் வருகிற எடை இருக்கிறதா என்று பார்க்கலாம். இதெல்லாம் சலுகை இல்லை, நாம் காசு கொடுத்து வாங்கியிருக்கிற சேவை. லாத்தா இலவசமாக எதையும் கேட்கவில்லை.

ஏஜென்சியை மாற்றலாம் என்பது எனக்குத் தெரியாதது இல்லை. அந்த வசதியை 2013 அக்டோபரில் 24 நகரங்களில் சோதனையாக ஆரம்பித்து, 2014 ஜனவரியில் 480 மாவட்டங்களுக்கு விரித்தார்கள். ஒரே நிறுவனத்துக்குள் இந்த ஏஜென்சியிலிருந்து அந்த ஏஜென்சிக்குப் போவது கொஞ்சம் சுலபம். இண்டேனிலிருந்து பாரத்துக்கோ ஹெச்.பி.க்கோ போக வேண்டும் என்றால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் திருப்பிக் கொடுத்து, டெபாசிட்டை வாங்கிக்கொண்டு, அங்கே போய் மறுபடி கட்டி எடுக்க வேண்டும். டபுள் சிலிண்டர் வைத்திருக்கிற வீட்டுக்கே இது அலைச்சல். ஒத்தை சிலிண்டர் வீட்டில் பழசைக் கொடுத்துப் புதுசு வருகிறவரை அடுப்பு எரியாது. அந்த நாட்களில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு என்ன சாப்பிட்டுவிட்டுப் போவார்கள் என்று கைதட்டியவர்களில் ஒருவராவது யோசித்தாரா?

லாத்தா வீட்டு நிலைமை குழுவில் பாதிப் பேருக்குத் தெரியும். கனெக்ஷன் மச்சான், அதாவது லாத்தாவின் கணவர் பெயரில். மச்சான் சவூதியில், தம்மாமில். பதிவு பண்ணின போன் நம்பர் மச்சானுடையது. டெலிவரிக்கு வருகிறவரிடம் சொல்ல வேண்டிய ஓ.டி.பி. நம்பர் அந்த போனுக்குத்தான் வரும். சிலிண்டர் வந்து நிற்கும், தம்பி "நம்பர் சொல்லுங்கம்மா, அடுத்த தெருவுக்குப் போகணும்" என்று நிற்பார், லாத்தா இங்கிருந்து வாட்ஸப்பில் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார், அங்கே மச்சான் டூட்டியில் இருப்பார் அல்லது நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பார். ஒருதடவை நான் பக்கத்தில் இருந்தே பார்த்தேன். சேலைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கொஞ்சம் பொறு வாப்பா, இப்ப எடுத்துருவாக" என்று அந்தத் தம்பியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். ஒரு சிலிண்டர் வாங்கவே இந்தப் பாடு. அவரைப் போய் ஆன்லைனில் ஏஜென்சியை மாற்று என்கிறீர்கள். அந்த விண்ணப்பத்துக்கும் மச்சான் போன்தான் வேண்டும், காக்கா.

சரி, நான் மாற்றினேன். அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் "செய்து பார்க்காமலே பேசுகிறாள்" என்பீர்கள். எந்த ஏஜென்சி, எந்த நிறுவனம் என்று எழுதப்போவதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் இதே எழுபது ரூபாய் தகராறுதான், அப்போது ஐம்பதாக இருந்தது. விண்ணப்பம் போட்ட மறுநாளே பழைய ஏஜென்சியிலிருந்து போன். "ஏம்மா, என்ன குறை, எங்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார்கள். பல மாதம் சொன்னபோது கேட்காத காது அன்றைக்குத்தான் திறந்தது. புது ஏஜென்சியில் "உங்க தெரு எங்க லைன்ல வராது" என்றார்கள், அப்புறம் வரும் என்றார்கள், அப்புறம் அடுப்பையும் எங்களிடம் வாங்கினால்தான் என்றார்கள். அடுப்பை ஏஜென்சியில்தான் வாங்க வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. அதைச் சொன்னதற்கு "அப்ப நீங்க அங்கேயே இருந்துக்கங்க" என்று பதில். நாலு தடவை நடந்தேன். கடைசியில் மாறியது. மூன்றாவது சிலிண்டருக்கு வண்டியிலிருந்து இறங்கியவர் பழைய ஏஜென்சியில் போட்டுக்கொண்டிருந்த அதே ஆள். வேலை மாறியிருக்கிறார், அவர் குற்றமில்லை. ஆனால் கேட்ட தொகையும் அதேதான்.

மாத்திக்கோ என்பது பதில் இல்லை என்று நான் சொல்வது அந்த அனுபவத்தில்தான். விலை எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒன்று, தெருவும் ஒன்று, வழக்கமும் ஒன்று என்றால் எதிலிருந்து எதற்கு மாறுவது?

மும்பையில் மாலாடு பக்கம் இருக்கும் என் தம்பி கரண்ட் கம்பெனியையே மாற்றியவன். 2008-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு அங்கே புறநகர் வீடுகளுக்கு டாடாவா, அப்போதைய ரிலையன்ஸ் இப்போதைய அதானியா என்று தேர்ந்தெடுக்க வழி உண்டானது. தம்பி இரண்டு கம்பெனியின் யூனிட் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, கம்பிக்கு உண்டான கட்டணத்தையும் சேர்த்துக் கூட்டி, ஒரு வருஷ பில்லை வைத்துக் கணக்குப் பார்த்துவிட்டுத்தான் மாறினான். அவனே என்ன சொல்கிறான் தெரியுமா? "மழையில கரண்ட் போனா வர்றது பழைய கம்பெனி ஆள்தான், கம்பி அவன் கம்பி." தேர்வு இருக்கிற ஊரிலேயே மாறுவதால் தீருவது பில்லில் ஒரு பகுதிதான்.

நமக்குக் கரண்டில் அந்தப் பேச்சே இல்லை. வழுதூரில் நம் மண்ணுக்கு அடியிலிருந்து எடுக்கும் எரிவாயுவை வைத்து மின்சாரம் எடுக்கிறார்கள். கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சோலார் வந்தது. எல்லாம் நம் ராமநாதபுரம் மாவட்டம். இருந்தாலும் வீட்டு மீட்டருக்கு ஒரே ஈ.பி.தான். அதற்காக ஈ.பி.யில் ஒருவர் கூடுதல் காசு கேட்டால் "வேற கம்பெனிக்குப் போ" என்று யாரும் சொல்வதில்லை, புகார் கொடு என்கிறோம். கேஸ் விஷயத்தில் மட்டும் ஏன் புகார் கொடுத்தவரைத் துரத்துகிறோம்?

எழுபது ரூபாய்க்கு இவ்வளவு பெரிய பதிவா என்று ஒருவர் கேட்பார். ஆமாம். உங்களுக்கு அது டீக்காசு, லாத்தாவுக்கு அது ஒரு நாள் மீன் காசு.

டெலிவரித் தம்பிகள் பாவம் என்பார்கள். பாவம்தான், நானும் சொல்கிறேன். முப்பது கிலோ இரும்பைத் தோளில் வைத்து மாடி ஏறுகிறவருக்குக் கூலி போதாது என்றால் அதை ஏஜென்சிக்காரர் கொடுக்க வேண்டும். மனசார ஒருவர் டீக்குக் கொடுப்பது வேறு, கொடுக்காவிட்டால் முக்கிலேயே இறக்கிவிடுவது வேறு. மேலும், அந்த முக்கிலிருந்து வீட்டுக்கு யார் கொண்டுபோவது? நம் சந்துகள் எப்படி என்று தெரியும். ஒரு கையால் பிடியைப் பிடித்துச் சாய்த்து, அடி வளையத்தில் உருட்டி உருட்டி, சிமெண்ட் தரையில் கறகறவென்று சத்தம் தெரு முழுக்கக் கேட்க, இடுப்பு ஆபரேஷன் ஆன ஒரு பொம்பளை கொண்டுபோகிறார். அந்தச் சத்தம் கேட்டு ஜன்னல் திறக்கிறது, ஆனால் யாரும் இறங்கி வருவதில்லை. நம் வீட்டு ஆண்கள் பாதிப் பேர் வெளிநாட்டில். உள்ளூரில் இருக்கிறவர்கள் குழுவில் கைதட்டுகிறார்கள்.

இதைச் சொன்னால் கோபம் வருகிறது என்பார்கள். எனக்கும் வருகிறது. என் உம்மா பெரியபட்டினத்தில் சீமைக்கருவேல் விறகிலும் பனை மட்டையிலும் ஆக்கியவர். மழைக்காலத்தில் ஈர விறகு புகைந்து, ஊதாங்குழலை ஊதி ஊதி, கண் சிவந்து வெளியே வந்து நின்று மூச்சு விடுவார். முதல் சிலிண்டர் வந்த அன்று வாப்பா பற்ற வைத்த நீல நெருப்பை உம்மா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார், பால் பொங்கினதுகூடத் தெரியவில்லை. அந்த நெருப்புக்காக இன்றைக்கு ஒரு பெண் தெரு முக்கில் நின்று கெஞ்சுவதைப் பார்த்தால் எனக்கு என் உம்மாதான் நினைவுக்கு வருகிறார். இது வெறும் கேஸ் ஏஜென்சி விஷயமாக எனக்குத் தெரியவில்லை.

நாளைக்கு எந்த நிறுவன சிலிண்டரையும் எந்த ஏஜென்சியிலும் வாங்கலாம் என்று வரலாம். 2025 செப்டம்பரில் பெட்ரோலிய ஒழுங்குமுறை வாரியம் அது பற்றிக் கருத்தும் கேட்டது. வரட்டும், நல்லது, நானே முதலில் வரவேற்பேன். அப்போதும் பில்லுக்கு மேல் கேட்டால் அது தப்புதான்.

லாத்தா அன்றைக்கு ராத்திரியே "தெரியாமப் பேசிட்டேன், யாரும் மனசுல வச்சுக்காதீங்க" என்று எழுதிவிட்டு வாய்ஸ் நோட்டை அழித்துவிட்டார். மன்னிப்பு கேட்க வேண்டியவர் அவரா? காக்கா, உங்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு, சின்ன வயசில் எங்களுக்கு டியூஷன் எடுத்தவர் நீங்கள். அந்தப் பதிலை எடுத்துவிட்டு லாத்தாவுக்கு ஒரு போன் போடுங்கள். நம்பர் குழுவிலேயே இருக்கிறது.