ஹெல்மெட் விதி 1995-இல் வந்ததல்ல

"ஃபேபியோ கசார்டெல்லி இறந்த கையோடு சைக்கிள் பந்தயங்களில் ஹெல்மெட் கட்டாயமாகிவிட்டது" என்று ரசிகர்கள் பகிர்ந்துவரும் தகவல் தவறு.

1995 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில், பிரெனீஸ் மலையின் போர்ட்டே தாஸ்பே இறக்கத்தில் இத்தாலிய வீரர் கசார்டெல்லி விழுந்து தலையில் அடிபட்டு இறந்தது உண்மை. அவர் ஹெல்மெட் அணிந்திருக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் கட்டாய விதி வர மேலும் எட்டு ஆண்டுகள் ஆயின.

இந்தத் தாமதத்துக்கான பழியை அமைப்பாளர்கள் மீது மட்டும் போடுவதும் சரியல்ல. 1991-லேயே சர்வதேச சைக்கிள் சங்கம் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்க முயன்றது. பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் போர்க்கொடி தூக்கியவர்கள் வீரர்களேதான்! சங்கம் பின்வாங்கியது.

2003 மார்ச்சில் அதே பாரிஸ்–நீஸில், கஜகஸ்தான் வீரர் ஆந்த்ரே கிவிலேவ் ஹெல்மெட் இல்லாமல் விழுந்து மறுநாள் உயிரிழந்தார். அந்த மே மாதம்தான் விதி நடைமுறைக்கு வந்தது, அதுவும் அரைமனதாக: பந்தயம் மலையுச்சியில் முடிந்தால், கடைசி ஏற்றம் 5 கி.மீ.க்குக் குறையாமல் இருந்தால், அதன் அடிவாரத்தில் ஹெல்மெட்டைக் கழற்றிவிடலாம். அந்தச் சலுகை பிற்பாடு நீக்கப்பட்டது.