பள்ளத்தில் ஒரு மேல்நிலைத் தொட்டி

எங்கள் ஊரின் புது வாட்டர் டேங்கில் '60,000 லிட்டர்' என்று நீலப் பெயிண்டில் ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் தெருக் குழாயடியில் நின்றால் அந்த எழுத்து பளிச்சென்று தெரியும். குழாயில் மட்டும் தண்ணீர் தெரியாது.

பழைய டேங்க் பாறை மேட்டில் இருந்தது. பாதிக் கொள்ளளவுதான். சிமெண்ட் பெயர்ந்து கம்பி துருத்திக்கொண்டிருந்தது, இடித்தது சரிதான். அதில் எனக்குச் சண்டை இல்லை. புதியதை அதே மேட்டில் கட்டாமல், லாரி ஏறாது, கான்கிரீட் போடச் சிரமம் என்று சொல்லி, ஊரிலேயே தாழ்வான குட்டைக்கரைப் புறம்போக்கில் கொண்டுபோய்க் கட்டினார்களே, அங்கேதான் வயிறு எரிகிறது. லாரி வரும் நாள் நாலு மாதம். தண்ணீர் ஏற வேண்டியது முப்பது வருஷம்.

எங்கள் தெருக் கொத்தனார் ஒருவர் டியூப் மட்டம் பிடித்துப் பார்த்தார். இருபது ரூபாய் பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் ஊற்றி, தெருத் தெருவாக அளந்துகொண்டே வந்தார். டேங்க் நிற்கும் தரையைவிட எங்கள் தெரு 22 அடி உயரம். மேலே தண்ணீர் நிற்கும் தொட்டியின் அடிப்பாகம் தரையிலிருந்து 40 அடி. மிச்சம் 18 அடி. பத்து மீட்டர், அதாவது சுமார் 33 அடி உயரம் இருந்தால்தான் ஒரு கிலோ பிரஷர். எங்களுக்கு அரைக் கிலோ சொச்சம். அதுவும் பைப்பில் தண்ணீர் ஓடாமல் நிற்கும்போது. ஒரு கிலோமீட்டர் பைப்பில் உரசி, வளைவுகளில் திரும்பி, வழியிலுள்ள தெருக்கள் எல்லாம் பிடித்தது போக என்ன வரும்? காற்று வரும். போதாததற்குக் கீழ்த்தெருவில் நாலைந்து வீட்டில் குழாயிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறார்கள். அந்தப் புண்ணியவான்களைத் தனியாகத் திட்டிக்கொள்கிறேன்.

கிராம சபையில் கேட்டேன். "பெரிய மோட்டார் போட்டிருக்கோம் சார், பிரஷர் வரும்" என்றார்கள். மோட்டார் சம்ப்பிலிருந்து, அதாவது தரைத் தொட்டியிலிருந்து, தண்ணீரை டேங்குக்கு ஏற்றும். டேங்கிலிருந்து வீட்டுக்கு வருவது உயரத்தால்தானே? மோட்டார் ரூமுக்கு டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள், பேனல் போர்டு பளபளக்கிறது. மேட்டில் சின்னதாக ஒரு தொட்டி வைத்து அதற்குத் தனி லைன் இழுக்கலாமே என்றேன். அதற்கு இந்த மோட்டாரின் ஹெட், அதாவது தண்ணீரை ஏற்றும் உயரம், போதாதாம், புது எஸ்டிமேட் போட வேண்டுமாம். முதல் எஸ்டிமேட்டை எந்த மட்டத்தை வைத்துப் போட்டீர்கள் என்ற கேள்விக்கு மைக்கை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டக் கணக்குப்படி ஓர் ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர். எங்கள் வீட்டில் ஐந்து பேர், அப்படியானால் 275. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து காத்திருந்தால் நாலு குடம் கிடைக்கிறது. அறுபது லிட்டர் தேறினால் அதிர்ஷ்டம். ஆனால் ஏட்டில் நாங்கள் 'குழாய் இணைப்பு பெற்ற வீடு'.

வேறு வழியில்லாமல் தெருவில் எல்லோரும் குழாய் ஸ்டாண்டை உடைத்து, இரண்டடிக் குழி தோண்டி, அதற்குள் குடத்தை இறக்கிப் பிடிக்கிறோம். மழை பெய்தால் சாக்கடைத் தண்ணீரும் அந்தக் குழியில்தான் நிற்கிறது, அப்புறம் பிளீச்சிங் பவுடர் போட்டு என்ன பயன்? போன வாரம் பஞ்சாயத்திலிருந்து வந்து பார்த்தார்கள். குழிகளை ஏழு நாளுக்குள் மூடச் சொல்லி வீட்டுக்கு வீடு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.