அந்த சிஸ்டர் செய்தது சரிதான்

இரண்டு நாளாக கூடலூர் வாட்ஸ்அப் குரூப் எல்லாவற்றிலும் அந்த வீடியோதான். ஆஸ்பத்திரியில், ரத்தப் பையில் இருந்த எண்ணும் (ஒவ்வொருவர் கொடுக்கும் ரத்தத்துக்கும் தனித்தனியாகப் போடும் எண்) ஃபாரத்தில் இருந்த எண்ணும் ஒத்துப்போகவில்லை என்று சிஸ்டர் பையைத் திருப்பி அனுப்புகிறார். "ஒரு நம்பருக்காக உசுரோட விளையாடுறியா?" என்று சுற்றி நின்று கத்துகிறார்கள். அதற்குக் கீழே கைதட்டல் வேறு. எனக்கு மனசே ஆறவில்லை.

உயிரோடு யாரும் விளையாடக் கூடாது என்றுதான் அந்த எண்ணையே போட்டு வைத்திருக்கிறார்கள்.

"உன் வீட்டு ஆளா இருந்தா தெரியும்" என்று எழுதியவருக்கு: என் அக்காவுக்கும் பிரசவத்தில் ரத்தம் ஏற்றினார்கள். அதே வார்டில் அதே பெயரில் இன்னொரு பெண் இருந்தார். ஒரு சிஸ்டர் பையிலிருந்த எண்ணையும் ரத்த குரூப்பையும் சத்தமாகப் படிக்க, இன்னொருவர் கேஸ் ஷீட்டில் விரல் வைத்துச் சரிபார்த்தார். மாமா பொறுமையிழந்து கத்தினார். அவர்கள் பாதியில் நிறுத்தவில்லை. குரூப் மாறிப்போனால் கொஞ்சம் ரத்தம் உள்ளே போனாலே சிவப்பணு உடைந்து கிட்னி கெடலாம், உயிரே போகலாம். அக்கா இன்றைக்கு நன்றாக இருக்கிறாள்.

அப்புறம், அந்த எண் வார்டோடு முடிந்துபோகிற விஷயமும் இல்லை. ஒருவர் கொடுக்கும் ரத்தத்தைச் சிவப்பணு, தட்டணு (பிளேட்லெட்), பிளாஸ்மா என்று பிரித்தால் மூன்று பேருக்குப் போகலாம். தட்டணு 5 நாள்தான் தாங்கும். பிளாஸ்மா உறைநிலையில் ஒரு வருடம் இருக்கும். 2018-ல் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு எச்ஐவி ரத்தம் ஏற்றியதை மறந்துவிட்டோமா? ரத்தம் கொடுத்த இளைஞரே பிறகு தனக்கு எச்ஐவி என்று தெரிந்து வந்து சொன்னார். அப்படி ஒருவர் வந்து சொன்னால், அவர் ரத்தம் யார் யாருக்குப் போனது, மிச்சம் எந்த ஃப்ரீசரில் இருக்கிறது என்று எதை வைத்துத் தேடுவது? அந்த எண்ணை வைத்துத்தான்.

"அவசரத்துல இதெல்லாம் பார்ப்பாங்களா?" பார்ப்பார்கள். குரூப் பார்க்கக்கூட நேரமில்லாமல், எந்த குரூப்காரருக்கும் அவசரத்துக்குக் கொடுக்கும் ஓ நெகட்டிவ் ஏற்றினாலும் அந்தப் பையின் எண்ணை எழுதித்தான் வைப்பார்கள்.

ஊட்டியிலிருந்து வேறு பை வர 50 கிலோமீட்டர் மலைப்பாதை, மழையில் மரம் விழுந்தால் அதுவும் இல்லை என்கிறீர்கள். சரி, நியாயமான கோபம். அந்தக் கோபத்தோடு கலெக்டர் ஆபீஸுக்குப் போவோம், நானும் வருகிறேன். ராத்திரி டூட்டியில் தனியாக நிற்கும் ஒரு பெண்ணின் முகத்தை ஜூம் பண்ணிப் போடுவது எந்த ஊர் நியாயம்? அவள் அழுதுகொண்டே அடுத்த பைக்கு போன் போட்டதும் அதே வீடியோவில்தான் இருக்கிறது. அதை ஒருத்தர்கூடப் பேசவில்லையே!

பகிர்ந்தவர்கள் தயவுசெய்து அதை இன்றைக்கே நீக்குங்கள்.