நடைபாதை எங்கள் கேட்டோடு முடிந்துவிடுகிறது

சென்னையில், பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். உள்ளே பேவர் பிளாக் பதித்த நடைபாதை, புல்தரை, வரிசையாக அலங்காரப் பனைகள். அம்மா தினமும் காலையில் அங்கேதான் நடக்கிறார். கேட்டைத் தாண்டி பஸ் ஸ்டாப்புக்குப் போவதென்றால் மட்டும் துணைக்கு ஆள் வேண்டும்.

வெளியே நடைபாதை இல்லாமல் இல்லை. ஆனால் ஒவ்வொரு கட்டட வாசலிலும் கார் ஏறுவதற்காக அதை வெட்டிச் சரிவு போட்டிருக்கிறார்கள். ஏறு, இறங்கு, மறுபடி ஏறு. முழங்கால் வலியோடு எத்தனை முறை ஏறி இறங்குவது? நாலாவது வாசலில் அம்மா ரோட்டுக்கே வந்துவிடுவார். பின்னால் தண்ணீர் லாரி ஹார்ன் அடிக்கும். எனக்கு ஒவ்வொரு முறையும் வயிற்றைக் கலக்கும்.

தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளில், மனையைச் சுற்றி எவ்வளவு இடம் விட வேண்டும், எத்தனை கார் நிறுத்த இடம் வேண்டும் என்பதற்கெல்லாம் அளவு இருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல் போனால், பத்து சதவீத நிலத்தைப் பூங்கா போன்ற பொதுவெளிக்காகத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். நல்ல விதி. ஆனால் அந்தப் பூங்காவுக்கு ஒரு குழந்தை நடந்து போக முடியுமா என்று யார் பார்க்கிறார்கள்?

பெரிய கட்டடங்களுக்குப் பணி நிறைவுச் சான்றிதழ் இல்லாமல் மின் இணைப்போ குடிநீர் இணைப்போ கிடையாது. அந்தச் சான்றிதழுக்கு ஆய்வு செய்ய வரும்போதே வாசலுக்கு வெளியேயும் டேப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்கிறேன். நடப்பதற்குத் தடையில்லாமல் 1.8 மீட்டராவது வேண்டும் என்று இந்திய சாலைப் பேரவையின் வழிகாட்டி சொல்கிறது. அது இருக்கிறதா? வாசலில் கார்தான் நடைபாதை மட்டத்துக்கு ஏற வேண்டும், நடக்கிறவர் இறங்கக் கூடாது. இது சரியாக இருந்தால்தான் சான்றிதழ்.

அப்புறம் மரம். எங்கள் வளாகத்தில் மனை முழுக்க அடியில் பார்க்கிங். மேலே கான்கிரீட் தளத்தில் கொஞ்சம் மண் கொட்டிப் பச்சை காட்டியிருக்கிறார்கள். அதில் வேம்பு எப்படி வேர் பிடிக்கும்? மழைத் தண்ணீர் எங்கே இறங்கும்? அடியில் தளமே இல்லாத மண் ஒரு பங்காவது தெருவோரமாக இருக்க வேண்டும். அங்கே புங்கமோ பூவரசோ மகிழமோ நட்டால் நிழல் நடப்பவர் மேல் விழும். 2016-ல் வர்தா புயலில் மரங்கள் சாய்ந்து கிடந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். அடிமரம் வரை சிமென்ட் பூசினால் வேர் எங்கே போகும்?

நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முன்னுரிமை தர 2014-லேயே ஒரு கொள்கை வகுத்த மாநகராட்சி நம்முடையது. 2019-ல் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலமாக்கிச் செய்தும் காட்டினார்கள். கடைத்தெருவில் முடிந்தது, புதிதாகக் கட்டும் இடத்தில் முடியாதா? இங்கே இடிக்க வேண்டிய பழசு எதுவும் இல்லையே.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு எங்கள் கேட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரை, எத்தனை சரிவு, எவ்வளவு அகலம் என்று அளந்து எழுதப் போகிறோம். அந்தக் கணக்கோடு கவுன்சிலரிடம் மனு கொடுக்கிறோம். பக்கத்துக் குடியிருப்புகளில் இருப்பவர்கள் வர முடிந்தால் கமென்டில் சொல்லுங்கள். அம்மாவும் வருகிறேன் என்கிறார்.