பாய் முடைவதைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

அந்தப் பதிவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், மாங்கரேயில் நாங்கள் உட்கார்ந்து பாய் முடையும் படத்தைப் போட்டு ஒருவர், "பெண்கள் மீதான வன்முறையை எதிர்க்கிறோம் என்று கூடிவிட்டுக் கைவேலை வகுப்பு நடத்துகிறார்கள்" என்று எழுதியிருந்தார். கீழே சிரித்தவர்களில் நான் அண்ணா என்று கூப்பிடுகிறவர்களும் உண்டு. அதுதான் வலித்தது.

நாங்கள் முடைவது இயே தோங்கா. பசிபிக் தீவு நாடான சமோவாவில் அது விரித்துப் படுக்கிற பாய் இல்லை. கல்யாணம், சாவு, குடும்பத் தலைவர் பட்டம் என எல்லாவற்றிலும் கைமாறுகிற பாய். தாழை ஓலையில் முள் நீக்கி, வேகவைத்து, அடித்தோலை உரித்து, கடல்நீரில் ஊறப்போட்டு, வெயிலில் வெளுக்கவைத்து, மெல்லிய இழைகளாகக் கிழித்து முடைய வேண்டும். நல்ல பாய்க்கு மாதக்கணக்கில் ஆகும், சிலவற்றுக்கு வருடத்துக்கு மேலும் ஆகும். 2019இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இதைச் சேர்த்தது. ஒரு குடும்பத்தின் மானம் இந்தப் பாயில் இருக்கிறது. அதை முடைகிறவர்கள் பெண்கள்.

முடையும்போது பெண்கள் ஒன்றாக உட்காருகிறார்கள். நான் சொல்வது இவ்வளவுதான். ஒன்றாக உட்கார்ந்தால் ஒருத்திக்கு என்ன நடக்கிறது என்று மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும்.

போன குளிர்காலத்தில் எங்கள் கூட்டத்தில் ஒரு பெண்ணால் இழையை இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. மணிக்கட்டு வீங்கியிருந்தது. கதவில் இடித்துக்கொண்டேன் என்றாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த பாட்டி அவளுடைய ஓரத்தைத் தன் பக்கம் இழுத்து இரண்டு பங்கையும் தானே முடைந்தார். சாயங்காலம் எழுந்தபோது, "இன்றைக்கு என் வீட்டுக்கு வா, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா" என்றார். அவள் போனாள். கைவேலை வகுப்பில் இது நடக்குமா?

சட்டம்தானே வேண்டும் என்கிறார்கள். சரி, வேண்டும். சமோவாவில் 2013இலேயே குடும்பப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் கணவன் ஊரில் வாழப்போன பெண்ணை அங்கே "நோஃபோதானே" என்ற பெயரில் அழைப்பார்கள். அந்த வீட்டில் வேலை எல்லாம் அவளுக்கு, பேச்சு மட்டும் கிடையாது. ஊர்ச் சபையில் உட்காருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் ஆண்கள். அவள் முதலில் யாரிடம் வாய் திறப்பாள்? பக்கத்தில் முடைகிறவளிடம்தான்.

இன்னொருவர் புள்ளிவிவரத்தோடு வந்தார். 2005இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில், சமோவாவில் துணையோடு வாழ்ந்த பெண்களில் 46 சதவீதம் பேர் அந்தத் துணையிடமே அடியோ பாலியல் வன்முறையோ அனுபவித்ததாகச் சொன்னார்கள். "இவ்வளவு பாய் முடைந்தும் இந்த நிலைதானே?" என்று கேட்கிறார். அடித்தவனைப் பற்றி ஒரு வரி இல்லை. போலீஸ் இருந்தும் வன்முறை ஏன் நிற்கவில்லை, தேவாலயம் இருந்தும் ஏன் நிற்கவில்லை என்ற கேள்வியும் இல்லை. கணக்குக் கேட்பது முடைகிற பெண்களிடம் மட்டும்.



2021 ஆகஸ்ட் 1 ஞாபகம் இருக்கிறதா? எழுபதுகளில் பசிபிக் தீவுகளைச் சேர்ந்த மக்களின் வீடுகளில் விடியற்காலையில் புகுந்து சோதனை போட்டதற்கு, ஆக்லாந்து நகர மண்டபத்தில் நியூசிலாந்து அரசு மன்னிப்புக் கேட்டது. அப்போதைய பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன் உட்கார, அவர் தலைமேல் இந்தப் பாயைத்தான் போர்த்தினார்கள். மன்னிப்புக் கேட்கும் இஃபோங்கா என்ற அந்தச் சடங்கைப் பார்த்து உருகி எழுதினீர்கள். அன்று பாய் பெரிய விஷயம், இன்று சிரிப்பு.

அந்தச் சடங்கைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சமோவாவில் கொலைக்கும் கற்பழிப்புக்கும்கூட இஃபோங்கா நடக்கும். குற்றம் செய்தவனின் குடும்பம் பாதிக்கப்பட்டவர்களின் வீட்டு வாசலில் பாயைப் போர்த்திக்கொண்டு உட்காரும். பாதிக்கப்பட்ட குடும்பம் மன்னிப்பை ஏற்றுக்கொண்டால் பாயை எடுப்பார்கள். தண்டனை விதிக்கும்போது நீதிமன்றமும் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். பழிக்குப் பழி என்று வெட்டிக்கொண்டு சாகாமல் ஊரைக் காப்பாற்றிய வழக்கம் அது, மதிக்கிறேன். ஆனால் பாயை எடுக்கலாமா என்று முடிவு செய்வது குடும்பத்தின் பெரியவர்கள். சீரழிக்கப்பட்ட பெண்ணிடம் கேட்டுவிட்டா எடுக்கிறார்கள்? ஒரு பெண் விரல் நோக முடைந்தது, இன்னொரு பெண்ணைச் சிதைத்தவனுக்குத் தண்டனையைக் குறைக்கப் போகிறது. இதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை. முடைகிற பெண்களும் இதைப் பேசுகிறார்கள், இழையிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசுகிறார்கள். நீங்கள் பார்த்துச் சிரித்த படத்தில் இருப்பவர்கள் அவர்கள்தான்.

வரும் சனிக்கிழமையும் போகிறேன். அந்தப் பதிவின் கீழே இனி யாரும் என்னை டேக் செய்ய வேண்டாம்.