டாப்ஸனைப் புள்ளிகளை வைத்து எடை போடாதீர்கள்

ஐஸ் ஹாக்கி வீரர் நோவா டாப்ஸனை வாங்க என்.எச்.எல். லீக் அணியான மான்ட்ரியல் கனேடியன்ஸ் அள்ளிக் கொடுத்துவிட்டது, அவர் ஆட்டமும் சரிந்துவிட்டது என்கிறது ஒரு கட்டுரை. கொடுத்தது, 2025 டிராஃப்டில் (அணிகள் முறைவைத்து இளம் வீரர்களை எடுக்கும் நிகழ்வில்) 16, 17ஆவது தேர்வு உரிமைகள், கூடவே எமில் ஹைனமன் என்ற வீரர். அப்புறம் டாப்ஸனுக்கு எட்டு வருட ஒப்பந்தம், ஆண்டுக்குச் சராசரியாக 95 லட்சம் டாலர். விலை கூடத்தான், மறுக்கவில்லை. ஆனால் அப்போது 25 வயது, 6 அடி 4 அங்குல உயரம், வலப்பக்கம் ஆடுகிற டிஃபென்ஸ்மேன் (தடுப்பாட்டக்காரர்); இப்படி ஒருவர் சும்மா கிடைப்பாரா?

2023-24இல் 70 புள்ளி (கோலுக்கும் கோலடிக்க உதவியதற்கும் தலா ஒன்று), அடுத்த சீசனில் 39 என்பதைக் காட்டி 'சரிவு' என்பது பாதிக் கதை. பவர்பிளேயில், அதாவது எதிரணி வீரர் தண்டனையில் வெளியே உட்கார்ந்திருக்கும் நேரத்தில், பக் (ஆட்டத்தில் அடிக்கும் ரப்பர் வட்டு) யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அந்த எண் ஏறி இறங்கும். மான்ட்ரியலிலோ 66 புள்ளி எடுத்து, சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருது வாங்கிய டிஃபென்ஸ்மேன் லேன் ஹட்சன் ஏற்கெனவே இருக்கிறார். பவர்பிளேயை நடத்துபவர் நிற்கும் இடம் எதிரணிப் பகுதி தொடங்கும் நீலக்கோட்டின் நடு; அங்கே இரண்டு பேர் நிற்க முடியாது.

எனக்குள்ள கவலை வேறு. எதிரணி ஃபார்வர்டு வேகமாக நெருக்கும்போது, சொந்த கோலுக்குப் பின்னால் பக்கை எடுத்துத் திரும்பும் அந்த ஒரு நொடியில் டாப்ஸன் சில சமயம் தடுமாறுவார். முதலில் அதைக் கவனியுங்கள். கோல் கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.